கையைப் பின்னால் கட்டச் சொன்ன பயிற்சி

11 வருடமாக விலங்குக் காட்சியகத்தின் பறவைப் பிரிவில் கீப்பராக இருக்கிறேன். தீவனம் வைப்பது, கூண்டு கழுவுவது, அடிபட்டதைப் பிடித்து டாக்டர் கையில் கொடுப்பது எல்லாம் பழகிப்போன வேலை. ஆனால் "இந்த ஜோடியை ஏன் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், அந்த ஜோடியை ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருந்ததில்லை. மேலே சொன்னார்கள், செய்தோம். அவ்வளவுதான். அந்தப் பதிலைத் தேடித்தான், அழியும் நிலையில் உள்ள விலங்குகளைக் காப்பிடத்தில் வைத்து இனப்பெருக்கம் செய்விக்கும் 6 வாரப் பயிற்சிக்குப் போனேன்.

போய் வந்து 7 மாதம் ஆகிறது. ஊருக்குத் திரும்பிய சூட்டிலேயே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக இருந்திருக்கும். இப்போது கற்றதை வேலையில் போட்டுப் பார்த்துவிட்டேன். எது நின்றது, எது உதிர்ந்தது என்று தெரிகிறது. முட்டை அறைக்காகவும் முதல் வாரக் கணக்குக்காகவும் மட்டுமே இந்தப் பயிற்சிக்குப் போகலாம். காட்டில் விடும் பகுதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது போதாது.

முதல் வாரம் ஒரு விலங்கைக்கூடத் தொடவில்லை. எங்களில் சிலர் அதற்கே முகம் சுளித்தார்கள். ஆசிரியர் ஒரு துணிப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே 14 நிறத்தில் மணிகள். "காட்டிலிருந்து 7 விலங்குகள் பிடித்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றிடமும் 2 நிறம். இனிப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பார்க்காமல் 2 மணி எடுங்கள். ஒரு தலைமுறைக்கு 10 குட்டி. எடுத்த நிறங்களை வைத்துத்தான் அடுத்த தலைமுறை" என்றார். எடுத்தோம். ஐந்தாவது தலைமுறை முடிந்தபோது எங்கள் மேசையில் 6 நிறம்தான் மிச்சம். பக்கத்து மேசையில் 5. யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. எண்ணிக்கை ஒருமுறைகூட 10-க்குக் கீழே இறங்கவில்லை. குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருந்தன. கைக்கு வராத நிறம் மட்டும் போயே போய்விட்டது. நான் விரும்பிய பச்சை மணி இரண்டாவது சுற்றிலேயே காணாமல் போனது. அதற்குப் பிறகு எத்தனை நூறு குட்டி பிறந்தாலும் அந்தப் பச்சை திரும்பாது.

இந்த 7 என்ற எண்ணை அவர் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவின் கருங்கால் ஃபெரட் என்ற விலங்கு, பார்க்கக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், அழிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு 1981-இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. பிறகு நோய் தாக்கிக் கூட்டம் சரியத் தொடங்கியதும், 1987-க்குள் மிச்சம் இருந்த 18 விலங்குகளையும் பிடித்தார்கள். அவற்றில் வம்சம் தொடர்ந்தது 7-இன் வழியாக மட்டுமே. இன்று உயிரோடு இருக்கும் கருங்கால் ஃபெரட்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த 7-இன் பிள்ளைகள்தான். ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1988-இல் செத்துப்போன, இன்று உயிரோடு வாரிசே இல்லாத வில்லா என்ற பெண் ஃபெரட்டின் செல்களை உறையவைத்துக் காத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அதிலிருந்து குளோனிங் முறையில் எலிசபெத் ஆன் பிறந்தது. பைக்கு வெளியே உருண்டோடிய மணி ஒன்றை 30 வருடம் கழித்துத் தேடி எடுத்த கதை இது. மணியைக் கையில் உருட்டிப் பார்க்காமல் இதைப் படித்திருந்தால் செய்தியாகக் கடந்து போயிருப்பேன்.

அங்கிருந்து வம்சாவளிப் பதிவேட்டுக்கு வந்தார். ஸ்டட்புக் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காட்டு விலங்குக்கென்று வந்த முதல் ஸ்டட்புக் ஐரோப்பியக் காட்டெருமைக்கு, 1932-இல். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண், தாய் எண், தந்தை எண், பிறந்த நாள், இடம் மாறிய நாள், செத்த நாள். இதை வைத்து, ஒரு விலங்கு மொத்தக் கூட்டத்தோடு சராசரியாக எவ்வளவு சொந்தம் என்று கணக்கிடுகிறார்கள். சொந்தம் குறைந்தது யாரோ அதற்குத்தான் ஜோடியில் முதலிடம். ஏற்கெனவே பிள்ளை குட்டி நிறைய உள்ள குடும்பத்தில் பிறந்தது எவ்வளவு அழகாக, வாட்டசாட்டமாக இருந்தாலும் வரிசையில் கடைசி. காட்டிலிருந்து வந்த மரபணு வேறுபாட்டில் 90 சதவீதத்தை 100 வருடத்துக்குக் காப்பது என்பது இந்தத் துறையில் பரவலாக வைத்துக்கொள்ளும் இலக்கு.

இங்கேதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எங்கள் பிரிவில் வருடா வருடம் தவறாமல் முட்டையிடும் ஒரு ஃபெசண்ட் ஜோடி உண்டு, கோழி இனத்துப் பறவை. நான்தான் வளர்த்தேன். ஒவ்வொரு பருவத்திலும் அதன் குஞ்சுகளை எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும்போது அவரவர் இடத்துப் பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என் தாள்களை உள்ளிட்டதும் திரையில் வந்த பட்டியலில் என் பொன் குஞ்சுகள் அத்தனையும் அடியில் இருந்தன. 3 வருடமாக முட்டையே இடாத, நான் சோம்பேறி என்று பெயர் வைத்த ஒரு பெட்டை முதலிடத்தில் இருந்தது. நன்றாகப் பெருகுவதை மேலும் பெருக்கினால் கூட்டம் பெரிதாகும், வம்சம் சுருங்கும். 11 வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

பதிவேட்டை ஏன் இவ்வளவு கறாராக எழுத வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் அருமையானது. கலிபோர்னியா காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகின் மரபணுப் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 2 ஆண் குஞ்சுகளின் கணக்கு எந்தத் தந்தையோடும் ஒட்டவில்லை. துருவிப் பார்த்ததில், அவை தந்தையே இல்லாமல் தாயின் முட்டையிலிருந்து மட்டும் உருவானவை என்று தெரிந்தது. 2021-இல் வெளியிட்டார்கள். அந்தத் தாய்கள் ஆண் துணையோடு ஒரே கூண்டில் இருந்தவை. எழுதி வைக்காத இடமாக இருந்தால் பக்கத்திலிருந்த ஆணைத் தந்தை என்று போட்டு முடித்திருப்பார்கள்.

உபரி விலங்குகள் பற்றிய வகுப்பு கனமானது. 2014-இல் கோபன்ஹேகன் விலங்குக் காட்சியகத்தில் மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியை, அதன் மரபணு ஏற்கெனவே கூட்டத்தில் நிறைய இருக்கிறது என்று கொன்றதை எடுத்து எங்களை விவாதிக்க விட்டார்கள். முடிவு எதையும் ஆசிரியர் திணிக்கவில்லை. பிறக்க விட்டுவிட்டுப் பிறகு இடமில்லை என்பதைவிட, பிறக்கும் முன்பே ஜோடியைப் பிரிப்பது நல்லது என்பது என் பக்கம். பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர் மறுத்தார். குட்டி போடுவதே இல்லாத பெண் விலங்குக்குக் கருப்பையில் வரும் கோளாறுகளை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சு தேநீர் வேளையையும் தின்றுவிட்டது.

முட்டை அறை இரண்டாவது வாரம் தொடங்கியது. இந்தப் பயிற்சியின் உயிரே அங்கேதான்.

சின்ன அறை. உள்ளே 4 இன்குபேட்டர், ஒரு தராசு, ஒரு விளக்கு, சுவர் முழுக்க வரைபடத் தாள். முதலில் எங்களுக்குக் கோழி முட்டைதான் கொடுத்தார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் எண் போட வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும், வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். முட்டை தன் ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. இட்ட நாளிலிருந்து குஞ்சு ஓட்டைக் கீறும் நாளுக்குள், பெரும்பாலான பறவைகளில், எடையில் 15 சதவீதத்தை ஒட்டிக் குறைய வேண்டும். 60 கிராம் முட்டை என்றால் ஏறக்குறைய 9 கிராம். அதைவிடக் குறைவாக இழந்தால் உள்ளே ஈரம் தங்கி, காற்றறை சிறுத்து, குஞ்சுக்குக் கடைசி நேரத்தில் மூச்சுவிட இடம் இருக்காது. கூடுதலாக இழந்தால் சவ்வு காய்ந்து குஞ்சை ஒட்டிக்கொள்ளும். சரியும் கோடு எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து இன்குபேட்டரின் ஈரப்பதத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். நான் இத்தனை வருடம் இன்குபேட்டரில் ஈரப்பதம் என்றால் கையேட்டில் போட்டிருக்கும் ஓர் எண் என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு முட்டையிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இருட்டில் முட்டையின் பருத்த முனையில் விளக்கை வைத்துப் பார்ப்பதை முன்பே செய்திருக்கிறேன், கூமுட்டையா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும். இங்கே அதையே 10 நிமிடம் பார்க்கச் சொன்னார்கள். 5-ஆம் நாள் கோழி முட்டையில் சிவப்பு நூல்களாய் ரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி. அது கண். முட்டையை மெதுவாகச் சாய்த்தால் அந்தப் புள்ளி ஒரு நொடி தாமதித்து நகர்கிறது. செத்த கருவாக இருந்தால் குழாய்கள் சுருங்கி ஒரு சிவப்பு வளையமாக நிற்கும். அந்த வளையத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

முட்டை அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் வயதானவர். அதிகம் பேசமாட்டார். எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டோம். நான்காவது வாரத்தில் ஒரு கொக்கு முட்டை பொரிக்கும் நிலைக்கு வந்தது. மாலை 4 மணிக்கு ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு கீறல் விழுந்தது. அன்று இரவுப் பணி எனக்கு. 10 மணி வரை கீறல் அப்படியே இருந்தது. 12 மணிக்கும் அப்படியே. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும், பிறகு நிற்கும். 2 மணிக்குச் சத்தமே இல்லை. என் கை கதவின் கைப்பிடிக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 6 வருடம் முன்பு இதேபோல ஒரு ஃபெசண்ட் முட்டையில் கீறல் விழுந்து பாதி நாள் ஆகியும் குஞ்சு வரவில்லை. பாவம் என்று ஓட்டைச் சில்லுச் சில்லாக உரித்துவிட்டேன். சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. நிற்கவே இல்லை. வயிற்றில் மஞ்சள் கரு பாதி வெளியே தொங்கிக்கொண்டு இருந்தது. ஒரு மணி நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். அவ்வளவு நேரம்தான் இருந்தது. அது பலவீனமான குஞ்சு, எப்படியும் பிழைத்திருக்காது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவு அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "கையைப் பின்னால் கட்டிக்கொள்" என்றார். கட்டிக்கொண்டேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நுழைத்து நுரையீரலால் மூச்சுவிடப் பழகுகிறது. பிறகுதான் ஓட்டைக் கீறுகிறது. கீறிய பின் நாம் சும்மா கிடக்கிறது என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தம் அத்தனையும் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, தொப்புள் மூடுகிறது. அதற்குள் உரித்தால் ரத்தம் இன்னும் சவ்வில்தான் இருக்கும். என் ஃபெசண்ட் குஞ்சு பலவீனத்தால் சாகவில்லை. தானாகப் பழுக்காததை நான் தடி கொண்டு அடித்திருக்கிறேன். 6 வருடம் கழித்து, விடியாத வேளையில், அது எனக்குத் தெளிவானது. அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒலிபெருக்கியைப் போட்டார். அடைகாக்கும் தாய்க் கொக்கு எழுப்பும் தாழ்ந்த குரலின் பதிவு அது. முட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

மறுநாள் இரவு 2 மணிக்குக் குஞ்சு வெளியே வந்தது. கீறல் விழுந்து 34 மணி நேரம். யாரும் தொடவில்லை. தொப்புள் சுத்தமாக மூடியிருந்தது.

உதவியே செய்யக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. தலை தப்பான முனையில் இருக்கிறதா, சவ்வில் ரத்தக் குழாய் இன்னும் நிறைந்து தெரிகிறதா, எடைக் கோடு என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவெடுக்க ஒரு முழு நாள் வகுப்பு இருந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இன்று எங்கள் இன்குபேட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அதே வாரத்தில் முதலை முட்டை. இத்தனை நாளும் முட்டை என்றாலே திருப்பு என்று கை பழகியிருந்தது. பறவை முட்டையைத் திருப்பாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிவிடும். முதலை முட்டையைத் திருப்பினால் கரு செத்துவிடும், ஏனென்றால் இட்ட ஒரு நாளுக்குள் கரு முட்டையின் மேல்புறச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது, அப்படியே இருந்தாக வேண்டும். கூட்டிலிருந்து எடுக்கும் முன்பே மேல் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடு வானத்தைப் பார்த்தபடியே பெட்டிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கென்று வைத்திருந்த கூமுட்டையில்தான் செய்தோம். முதல் முட்டையிலேயே என் கை தன்னால் உருட்டிவிட்டது. வெப்பநிலைதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் அன்றுதான் எண்களோடு புரிந்தது. சதுப்பு நில முதலையில் 31 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண். ஒன்றரை டிகிரி பிசகிய தெர்மோமீட்டர் ஒரு பருவத்துக் குஞ்சுகள் அத்தனையையும் ஒரே பாலினமாக்கிவிடும். அதனால் ஒரு பெட்டிக்கு இரண்டு தெர்மோமீட்டர் வைக்கிறார்கள்.

கையால் வளர்ப்பது பற்றிய வகுப்பு எனக்குப் பிடித்தது, செய்முறையில் உடம்பு நொந்தது. கொக்குக் குஞ்சு பொரித்த பின் முதலில் பார்க்கும் உருவத்தைத் தன் இனம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். மனித முகத்தைப் பார்த்தால் மனிதன்தான் துணை. டெக்ஸ் என்ற ஹூப்பிங் கொக்கு அப்படித்தான் மனிதரோடு வளர்ந்தது, ஆண் கொக்கை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட் என்ற பறவையியலாளர் அதன் துணையாக நடித்து, அதோடு நடனம் ஆடி, முட்டையிடும் நிலைக்குக் கொண்டுவந்து, செயற்கை முறையில் கருவூட்டி, 1982-இல் ஒரே ஒரு குஞ்சைப் பெற்றார். பல வருட உழைப்புக்கு ஒரு குஞ்சு. அதைத் தவிர்க்கத்தான் வெள்ளை அங்கி, முகத்தை மறைக்கும் வலை, கையில் கொக்குத் தலைப் பொம்மை. பொம்மையின் அலகால் புழுவைக் கொத்திக் காட்ட வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது. அந்த அங்கிக்குள் 2 மணி நேரம் குனிந்து நடந்தால் முதுகு போய்விடும். ஆனால் அந்தக் குஞ்சு என் பொம்மையைப் பின்தொடர்ந்து வந்து, அது கொத்திய இடத்திலேயே கொத்தியபோது, அதற்கு என்னைத் தெரியாது என்பதே சந்தோஷமாக இருந்தது.

தவளை அறைக்கு 2 நாள். நோய்த்தடுப்பு விதிகள் அதிகம், செய்முறை குறைவு. ஒவ்வோர் அறைக்கும் தனிச் செருப்பு, தனிக் கையுறை, சுத்தமான அறையிலிருந்து அழுக்கான அறைக்கு மட்டுமே நடை, திரும்ப வரக் கூடாது. காரணம் சொன்னபோது எவரும் முணுமுணுக்கவில்லை. அதே கருங்கால் ஃபெரட்டில், 1985-இல் முதலில் பிடித்துக் கொண்டுவந்த 6-ம் நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோயில் செத்துப்போயின. தான்சானியாவின் கிஹான்சி அருவித் தெறிப்பில் மட்டுமே வாழ்ந்த குட்டித் தேரையின் கதையையும் அங்கேதான் கேட்டேன். அணை கட்டி அருவி வற்றியது. 2000-இல் 499 தேரைகளை அமெரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். 2009-இல் காட்டில் அழிந்தது என்று அறிவித்தார்கள். 2012-இல், செயற்கையாகத் தெறிப்பு உண்டாக்கும் குழாய்கள் போட்ட அதே பள்ளத்தாக்கில், திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். விரல் நகம் அளவு உயிர்.

இப்போது குறைகள். காட்டில் விடுவதற்கு ஒதுக்கியது 2 நாள். 6 வாரத்தில் 2 நாள்! எல்லாவற்றையும் எதற்காகச் செய்கிறோமோ அதற்கு இவ்வளவுதானா? ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1984-இல் பிரேசில் காட்டில் விட்ட கோல்டன் லயன் டாமரின் குரங்குகள், கூண்டில் அசையாத கட்டைகளில் பழகியதால், காற்றில் ஆடும் கொடிகளில் போகத் தெரியாமல் விழுந்தன என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஆரம்பத்தில் விட்ட காண்டார்கள் மின்கம்பங்களில் மோதிச் செத்ததால், பெரிய கூண்டுக்குள் போலி மின்கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக ஷாக் அடிக்கும்படி பழக்கிய விதம் சொன்னார்கள். 1987-இல் கடைசிக் காட்டுக் காண்டாரையும் பிடித்தபோது உலகத்தில் மொத்தம் 27. 1992-இல் திரும்ப விடத் தொடங்கினார்கள். ஆனால் தோட்டா ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று இன்றும் அவை சாகின்றன. அழித்த காரணம் அங்கேயே இருந்தால் நாம் விடுவது இரை மட்டும்தான். இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2006-இல் தடை செய்தார்கள். அந்தத் தடை இல்லாமல் எத்தனை குஞ்சு பொரித்து விட்டாலும் என்ன பயன்?

இது வரை சரி. அதற்குப் பிறகு, விடும் இடத்தை எப்படி மதிப்பிடுவது, விட்ட பின் எத்தனை நாள் பின்தொடர்வது, எத்தனை சதவீதம் செத்தால் நிறுத்துவது, அங்கே வாழும் மக்களிடம் யார் பேசுவது என்றெல்லாம் ஒரே மதியத்தில் ஸ்லைடுகளை ஓட்டிவிட்டார்கள். கேள்வி கேட்டால் கையேட்டில் இருக்கிறது என்றார்கள். கையேட்டில் தலைப்பு இருக்கிறது. அசாமில் குள்ளப் பன்றி திட்டம் 1996-இல் 6 பன்றிகளோடு தொடங்கி 2008-லிருந்து புல்வெளிகளில் விட்டு வருகிறது. புல்வெளியை எரிப்பதை எப்படி நெறிப்படுத்தினார்கள் என்று யாராவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும், அந்த 2 நாள் வீணாகியிருக்காது.

ஸ்டட்புக் மென்பொருள் வகுப்பில் 4 பேருக்கு ஒரு கணினி. தட்டச்சுத் தெரிந்தவர் செய்ய, மற்ற 3 பேர் வேடிக்கை பார்த்தோம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக. கீப்பர்கள்தான் முட்டையைத் தொடுகிறவர்கள். எங்களில் பாதிப் பேர் முதல் வாரத்தில் பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டு இருந்தோம். மணிப் பை இல்லாவிட்டால் எனக்குப் பாதிகூட ஏறியிருக்காது.

இன்னொன்று. ஒரு வருடம் கூடவே இருப்போம், சந்தேகம் வந்தால் எழுதுங்கள் என்றார்கள். நான் 3 மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, 5 வாரம் கழித்து. கேட்டது அடையில் இருக்கும் முட்டையைப் பற்றி. பதில் வரும்போது குஞ்சு நடந்துகொண்டிருந்தது.

யார் போகலாம்? ஏற்கெனவே விலங்குகளோடு வேலை செய்கிறவர்கள், குறைந்தது 2 வருடமாவது. குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சலாம் என்ற ஆசையோடு வந்த ஓர் இளைஞர் இரண்டாவது வாரமே ஊருக்குக் கிளம்பினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் வாரம் தெரிந்த பாடமாக இருக்கும், முட்டை அறை அவர்களுக்கும் புதிது. மருத்துவர்களுக்கு இதில் மருத்துவம் போதாது. மயக்க மருந்து பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை.

திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் பொன் ஜோடியைப் பிரித்தது. சேவல் 4 நாள் கம்பி ஓரமாகவே நடந்தது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. சோம்பேறி என்று நான் பெயர் வைத்த பெட்டையின் கூண்டுக்குச் செடிகள் வைத்து, பார்வையாளர் பக்கத்தை ஓலையால் மறைத்து, பதிவேடு சொன்ன சேவலை விட்டேன். 2 மாதம் கழித்து ஒரு முட்டை இட்டது. எடை பார்த்தேன், 31.4 கிராம். கூமுட்டையாகப் போனது. அடுத்தது இன்குபேட்டரில் இருக்கிறது, இன்று 9-ஆம் நாள், ரத்தக் குழாய் தெரிகிறது, கோடு சரியாக இறங்குகிறது.

போகிறவர்களுக்கு: இரவுப் பணிக்குப் பெயர் எழுதும் தாளை முதல் நாளே முட்டை அறைக் கதவில் ஒட்டிவிடுவார்கள். நான்காவது, ஐந்தாவது வாரத்து இரவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொரிப்பு அப்போதுதான் வரும். உங்கள் இடத்துப் பதிவுகளை, பிறந்த நாள் தெரியாதவற்றையும் சேர்த்து, தாளில் எடுத்துப் போங்கள். முடிந்தால் சொந்த மடிக்கணினியும்.